பிள்ளையார் கதை ஒன்பதாம் நாள், முப்பத்திரண்டு பெட்டி ஆட்டிறைச்சி ரோல்ஸ்

மொன்றியலில் கார் இல்லாமல் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் வழக்கமாக இங்கே எழுதுகிறேன். இந்தப் பதிவும் அதுதான். சனி, ஞாயிறு இரண்டு நாள், மூன்று இடம்: பார்க் எக்ஸ்டென்ஷன், லொங்குய்ய், இல்-பிசார். வித்தியாசம் என்னவென்றால் நான் பார்க்கப் போனது ஆற்றையோ காட்டையோ அல்ல, நம்முடைய ஆட்களின் வாசல் கதவுகளை. வெள்ள நிவாரணத்துக்கென்று ஏதாவது விற்றுக் காசு சேர்க்க நினைப்பவர்களுக்கு இது உதவும். உதவாவிட்டாலும் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் செல்வராணி அக்கா இருக்கிறார். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்து பதினோரு வருடத்துக்கு முன் இங்கே வந்தார். கணவர் தூரப் பயண லொறி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் அல்பேர்ட்டாப் பக்கம் நிற்பார். அக்கா கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. நவம்பர் கடைசி மழையில் அவருடைய தங்கை இருந்த லயத்தின், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளின், மேல் மண் சரிந்து இறங்கியது. ஆட்கள் தப்பிவிட்டார்கள், பன்னிரண்டு குடும்பம். எல்லாரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்தார்கள். டிசம்பர் மூன்றாவது திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் திறக்கிறது, அதற்கு முன் வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து டவுனில் ஒரு முதலாளியின் பழைய கடைக் கட்டடம் மாடியோடு சும்மா கிடக்கிறது. மூன்று மாத வாடகையை முன்பணமாகத் தந்தால் திங்கள் காலை எட்டு மணிக்குக் கதவுத் திறப்பைக் கையில் தருவதாகச் சொல்லியிருந்தார். நாலு லட்சம் ரூபாய். எங்கள் காசில் ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் டொலர்.

முதலில் நாங்கள் போனது ரவி அண்ணையிடம். அக்காவின் கணவருடைய ஊருக்கு மொன்றியலில் ஒரு ஊர்ச் சங்கம் இருக்கிறது, அதன் பொருளாளர் அவர். வெள்ளம் வந்த அந்த வாரமே சங்கம் ஒரு மண்டபத்தில் இராப்போசனம் வைத்து நல்ல தொகை சேர்த்திருந்தது. அந்த ஊரில் வெள்ளம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழை பெய்தது, கிணறுகள் நிரம்பின, அவ்வளவுதான். சேர்த்த காசில் நூலகத்துக்கு மதில் கட்டப் போகிறார்கள்.

ரவி அண்ணை எங்களைக் கோபமாக அனுப்பவில்லை. தேத்தண்ணி தந்து, சங்கத்தின் விதிகள் அடங்கிய யாப்பை எடுத்து வாசித்துக் காட்டி, அன்பாகத்தான் அனுப்பினார். சங்கக் காசு ஊருக்கு வெளியே போக முடியாது. அப்படியானால் தோட்டத்துக்காரருக்கு யார் கொடுப்பது என்று கேட்டேன். அவர்களுடைய சங்கத்தைக் கேட்கச் சொன்னார். மொன்றியலில் அந்தத் தோட்டத்துக்காரர் செல்வராணி அக்கா ஒருத்தர்தான் என்றேன். அவர் உண்மையாகவே கவலைப்பட்டு, "அப்ப கஷ்டம்தான்" என்றார். கனடாவுக்குக் கூட்டமாக வந்து சேர முடிந்தவர்களின் ஊருக்கு மட்டும் நிவாரணம் போகும் ஏற்பாடு இது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. திட்டம் போட்டுச் செய்திருந்தால் சண்டையாவது பிடிக்கலாம்.

ஆகவே ரோல்ஸ். மொன்றியலில் நம்முடைய ஆட்கள் சேர்ந்து எதற்கும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், ஆட்டிறைச்சி ரோல்ஸுக்கு ஒப்புக்கொள்வார்கள். பொரிக்காமல், ரஸ்க் தூள் பிரட்டி, உறைய வைத்து, இருபத்தைந்து கொண்ட பெட்டி அறுபது டொலர். டிசம்பர் தொடங்கி இரண்டு நாளுக்குள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நாற்பது பெட்டிக்கு ஓடர் வந்துவிட்டது. பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு இருபத்துநாலு, லொங்குய்யுக்கு எட்டு, எல்லாம் இறைச்சி. இல்-பிசாரில் இருக்கும் சென்னை டாக்டர் ஒருவர் தன் நண்பர்களுக்கும் சேர்த்து எட்டு மரக்கறிப் பெட்டி கேட்டார். மாவுக்கும் இறைச்சிக்கும் நானூற்று எண்பது போனது. நாற்பதும் விற்றால்தான் காசு பொருந்தும்.

திங்கட்கிழமை மரக்கறி, செவ்வாய் முதல் வெள்ளி வரை இறைச்சி. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து இருநூறு உருட்டினோம். அக்கா உருட்டியது பெட்டியில் அடுக்கிய சிகரெட்டுகள்போல் ஒரே அளவு. நான் உருட்டியதைத் தனியாக வைத்தார். "இது நம்ம வீட்டுக்கு, மது" என்றார். ஃப்ரிட்ஜில் இடமில்லாததால் எல்லாவற்றையும் என் வீட்டுப் பின்பல்கனியில் அடுக்கினோம்.

கொண்டுபோய்க் கொடுக்க ரவி அண்ணை தன் வான் வண்டியைத் தருவதாகச் சொல்லியிருந்தார். சங்கக் காசு வேறு, என் வான் வேறு என்று அவரே வலியச் சொன்னது. சனிக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு வந்தார். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினாலு. வானின் பின்கதவைத் திறந்தவர், பெட்டிமேல் நான் ஆட்டிறைச்சி என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டுக் கதவைத் திரும்பச் சாத்தினார்.

"தங்கச்சி, இண்டைக்கு எத்தினையாம் நாள் எண்டு தெரியுமே?"

"எதின்ர எத்தினையாம் நாள் அண்ணை?"

"பிள்ளையார் கதை. ஒன்பதாம் நாள். பின்னேரம் இந்த வானிலதான் கோயிலுக்குப் பூவும் பழமும் கொண்டு போறனான். இதுக்குள்ள ஆட்டை ஏத்தச் சொல்லுறியோ?"

தெரியாதவர்களுக்கு: கார்த்திகை விளக்கீடு முடிந்த அடுத்த நாளிலிருந்து இருபத்தொரு நாள் பிள்ளையாருக்கு விரதம். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் அந்த நாட்களில் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, கிடையாது. செல்வராணி அக்காவின் தோட்டத்தில் இப்படி ஒன்று இல்லை. நான் கோயிலுக்குப் போய் ஆறு வருடம். ஆகவே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை, அது எங்கள் பிழை. ஆனால் ஓடர் தந்த முப்பத்திரண்டு பெட்டிக்காரருக்கும் தெரியும். டிசம்பர் இரண்டாம் வாரம் தருவோம் என்று குழுவில் எழுதித்தான் இருந்தது. அதற்குக் கீழே எத்தனை கைகூப்பிய படங்கள். ஒருவர்கூட நாள்காட்டியைப் பார்க்கவில்லை.

ரவி அண்ணை கடைசியில் ஓர் உதவி செய்தார். ஓடர் தந்தவர்களில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், யார் யார் என்று சொன்னார். மூன்று வீடு. அவர்களிடம் விரதம் பிரச்சினை இல்லை.

காலை ஒன்பது பத்துக்கு இரண்டு சில்லு வைத்த சந்தை வண்டில்கள் இரண்டை இழுத்துக்கொண்டு புறப்பட்டோம். பார்க் எக்ஸ்டென்ஷனில் எல்லா வீடும் பத்து நிமிட நடைக்குள். ஆனால் நடை பிரச்சினை அல்ல, படிகள்தான். வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிகளில் முந்தின நாள் பனி உறைந்து கிடந்தது. மூன்றாம் மாடிக்கு நான்கு கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏறி, கதவைத் தட்டி, "ஐயோ பிள்ளை, விரதமல்லோ" என்று கேட்டுவிட்டு, அதே நான்கு கிலோவோடு இறங்குவதை பன்னிரண்டு தடவை செய்து பாருங்கள். எல்லாரும் வாங்குவதாகத்தான் சொன்னார்கள். பேந்து. விரதம் முடிந்த பிறகு. இப்போதே காசைத் தாருங்கள், பெட்டியை நாங்கள் வைத்திருந்து பேந்து தருகிறோம் என்றேன். சாமான் கைக்கு வராமல் காசு தருவதில் நம்முடைய ஆட்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. முன்பு யார் யாரோ வெள்ளத்துக்கும் சுனாமிக்கும் என்று வாங்கிக்கொண்டு போனது ஞாபகமிருக்கிறது. அதை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் பதினொன்றரை மணிக்கு விற்றது ஐந்து பெட்டி. வேதக்கார வீடு மூன்று. நாலாவது, மனைவி வேலைக்குப் போன நேரத்தில் கதவைத் திறந்த ஒருவர், உடனே இரண்டு பெட்டிக்குக் காசு தந்து, அதைக் காரின் டிக்கியில் வைக்கச் சொன்னார், வீட்டுக்குச் சொல்லவேண்டாம் என்றார்.

செல்வராணி அக்கா அக்காடி மெட்ரோ வாசலில் நின்று கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்தபின், "சாமி கும்பிடுறவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க மது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். "மூஞ்சி சொல்லுதே" என்றார்.

லொங்குய்யுக்குப் போக: அக்காடியில் நீலப் பாதை, ஜோன்-தலோனில் செம்மஞ்சளுக்கு மாறி, பெரி-யூகாமில் மஞ்சளுக்கு மாறவேண்டும். காத்திருந்த நேரத்தோடு முப்பத்தெட்டு நிமிடம். ஆற்றுக்கு அக்கரை வேறு கட்டண வலயம், மொன்றியல் தீவுக்கு மட்டும் செல்லுபடியாகும் டிக்கெட்டோடு திரும்பி வர முடியாது. எங்களிடம் இரண்டு வலயத்துக்குமான அட்டை இருந்தது. பெரி-யூகாமில் நகரும் படிகளில் வண்டிலை உங்களுக்கு முன்னால் வையுங்கள். நான் பின்னால் வைத்தேன், ஒரு பெட்டி கீழே போய், ஒரு மாணவன் அதை ஓடிப்பிடித்துத் தந்தான். மெர்ஸி சொல்லித் தப்பினேன்.

சிவநேசன் அங்கிள் ஓய்வுபெற்ற கணக்காளர். லொங்குய்ய் நிலையத்திலிருந்து பஸ்ஸில் பன்னிரண்டு நிமிடம், பிறகு நானூறு மீட்டர் நடை. ஒரு மாடிகூட இல்லாத தனி வீடு, பின்பக்கம் மரத்தளம். எட்டுப் பெட்டியும் அவர் பெயரில்தான், பக்கத்துத் தெரு நண்பர்களுக்கும் சேர்த்து. அவருடைய மனைவி கமலா அன்ரி கதவைத் திறந்ததும் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

"பிள்ளை, குறை நினையாதை. இருபத்தொரு நாளும் வீட்டுக்குள்ள மச்சம் எடுக்கிறேல்லை."

"ஓடர் நாங்கள்தானே குடுத்தனாங்கள் கமலா" என்றார் பின்னால் வந்த அங்கிள்.

"குடுக்கேக்க விரதம் தொடங்கேல்லை."

எங்களை உள்ளே கூப்பிட்டு, வண்டில்களை மட்டும் வெளியே விடச் சொன்னார்கள். இஞ்சித் தேத்தண்ணி, கடலை. செல்வராணி அக்கா நாற்காலியின் நுனியில் இருந்தார். திங்கட்கிழமை எட்டு மணிக் கதையை நான் சொன்னேன். அன்ரி இரண்டு கண்ணையும் துடைத்தார், காசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அங்கிள் மட்டும் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஆயிரம் ரோல்ஸ் எண்டு சொன்னனீங்கள். இவ்வளவும் எங்கை வைச்சிருந்தனீங்கள்?"

"பின்பல்கனியிலை, அங்கிள். ஃப்ரிட்ஜ் சின்னன்."

அவர் எழும்பிப் போய்ப் பின்கதவுக் கண்ணாடியால் தன் மரத்தளத்தைப் பார்த்தார். அதன்மேல் முழங்கால் அளவு பனி.

"கமலா, இது வீட்டுக்குள்ளையோ, வெளியிலையோ?"

அன்ரி வந்து பார்த்தார். இதை அவர் பகிடியாக எடுக்கவில்லை. கோயில் ஐயரிடம் கேட்டுச் சொல்வதுபோல் நிதானமாக யோசித்தார். "கூரை இருந்தா வீடு" என்றார்.

"கூரை இல்லையே."

"அப்ப சரி. ஆனா நான் தொடமாட்டன். அணில் திண்டாலும் எனக்குத் தெரியாது."

அங்கிள் மரத்தளத்தில் கிடந்த தன் பெரிய கருவிப்பெட்டியைக் காலிசெய்து எட்டையும் அதற்குள் வைத்து மூடினார். நானூற்று எண்பது டொலர் அங்கேயே கைத்தொலைபேசியில் அனுப்பினார். மொன்றியல் டிசம்பரில் வாசலுக்கு வெளியே உள்ள எல்லா இடமும் குளிர்ப்பெட்டிதான் என்பது எனக்கு ஏன் காலையிலேயே தோன்றவில்லை? ஐந்து நாள் என் பல்கனியில்தானே அடுக்கி வைத்திருந்தேன்.

பல்கனியில் வைக்கலாம் என்று குழுவில் நான் எழுதப்போனேன். அக்கா என் கையைப் பிடித்து, அங்கிளைச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். அக்கா சொன்னது சரி. சிவநேசன் அங்கிள் நாற்பது விநாடிக்கு ஒரு குரல்பதிவு போட்டார், கூரை விளக்கத்தோடு. நாங்கள் மெட்ரோவுக்குள் இறங்குவதற்கு முன் ஒன்பது வீட்டிலிருந்து ஓம் என்று பதில் வந்துவிட்டது. காலையில் அதே வீடுகளின் படியில் ஏறி வாடகைக் கதையை வாயால் சொன்னவர்கள் நாங்கள் இருவர். ஒருத்தி கோயில் தெரியாத பெட்டை, மற்றவர் தோட்டத்துப் பெண். ஓய்வுபெற்ற ஆம்பிளைக் குரல் ஒன்று சொன்னதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. காசு சேர்க்கப் போகிறவர்கள் இதை எரிச்சலோடு குறித்துக்கொள்ளுங்கள்: முதல் வீடாக எந்தக் குரலைப் பிடிப்பது என்பதைப் புறப்படுவதற்கு முன்பே தீர்மானிக்கவேண்டும்.

மாலை மூன்று ஐந்துக்குப் பார்க் எக்ஸ்டென்ஷன் திரும்பி, அதே படிகளில் மறுபடி ஏறினோம். இந்த முறை வீட்டுக்குள்ளால் பின்பக்கம் போக முடியாது, இறைச்சி வீட்டைத் தாண்டக்கூடாது. பின்சந்தால் சுற்றிவந்து வெளிப்படியால் ஏறினோம். மேல்மாடிப் பல்கனி கீழ்மாடிப் பல்கனிக்குக் கூரையா என்று ஒரு வீட்டில் பத்து நிமிட வாதம் நடந்தது. கூரைதான் என்று முடிவாகி, அந்தப் பெட்டியைக் காரின் டிக்கியில் வைத்தார்கள். ஐந்து நாற்பதுக்கு மிச்சம் இரண்டு பெட்டி. அவற்றுக்கு ஓடர் தந்தவர் கதவு திறக்கவில்லை, உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டையும் நான் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மரக்கறிதானே, வானில் ஏற்றலாமா என்று ரவி அண்ணையைக் கேட்டேன். அன்றைக்குக் கோயிலில் அவருடைய உபயம், வான் பூசைச் சாமானுக்கு வேண்டுமாம்.

இல்-பிசார் மொன்றியலுக்குள்தான் இருக்கிறது, ஆனால் பஸ்ஸில் போகிறவருக்கு அது வேறு ஊர். காலை ஏழு ஐம்பதுக்கு அக்காடி, ஸ்னோடனில் மாறி எட்டு இருபத்தைந்துக்கு கோட்-வெர்ட்டூ, அங்கிருந்து மேற்கே போகும் விரைவு பஸ்ஸில் நாற்பது நிமிடம் ஒரு பெரிய கடைத்தொகுதிக்கு, அங்கே இருபத்தைந்து நிமிடம் காத்திருந்து தீவுக்குள் போகும் பஸ். இறங்கியபோது பத்து ஐந்து. பஸ் இலக்கங்களை நான் எழுதவில்லை, மாறிக்கொண்டே இருக்கின்றன, புறப்படும் நாளில் பாருங்கள். கோடையில் லவாலுக்கு ஒரு படகு ஓடும், அதற்காகவே வரலாம். டிசம்பரில் வருவதற்கு ரோல்ஸைத் தவிர வேறு காரணம் இல்லை.

அந்தச் சென்னை டாக்டர் வசந்தாவின் வீடு ஆற்றைப் பார்த்தபடி இருந்தது. அன்பாக வரவேற்றார். முதல் கேள்வி, இறைச்சி உருட்டிய அதே கையாலா மரக்கறியும் என்பது. திங்கட்கிழமை மரக்கறி, அதற்குப் பிறகுதான் இறைச்சி என்று அக்கா விளக்கினார். இரண்டாவது கேள்வி, வரிச்சலுகைக்கு ரசீது கிடைக்குமா. கிடைக்காது என்றேன். பதிவுசெய்த அமைப்பாக்கிவிடலாமே என்றார், ஏதோ அது இரவோடிரவாக முடிகிற வேலைபோல. மூன்றாவதை அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்கல்லாம் இந்தியாலேர்ந்து போனவங்கதானே? இந்தியா ஏதாவது பண்ணாதா?"

அக்கா சிரித்தார். "இருநூறு வருஷமா அங்க உள்ளவங்க இங்க கேளுன்றாங்க, இங்க உள்ளவங்க அங்க கேளுன்றாங்க டாக்டரம்மா. நடுவுல மழ பேஞ்சிருச்சு."

டாக்டருக்கு முகம் மாறியது. கெட்ட மனிதர் அல்ல. சில வருடங்களுக்கு முன் வசந்த காலத்தில் ஆறு ஏறித் தன் வீட்டின் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்த கதையைச் சொன்னார், எங்களைக் கூட்டிப்போய்ச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைக் காட்டினார். இராணுவம் வந்து மணல்மூட்டை அடுக்கியதாம். முன்பின் தெரியாத ஆட்கள் வந்து தண்ணீர் இறைத்தார்களாம். அக்கா குனிந்து அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்து, எத்தனை நாள் நின்றது என்று கேட்டார். நாலு நாள். "எங்க பக்கம் தண்ணி நிக்காதுங்க, மண்ணோட சேர்ந்து கீழ போயிரும்" என்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கொஞ்ச நேரம் நான் கோபமில்லாமல் இருந்தேன்.

அப்புறம் டாக்டர் கீழ்த்தளத்து அலுமாரியைத் திறந்து நாலு பெரிய கறுப்புப் பைகளை இழுத்தார். துணி. "வண்டி காலியாத்தானே போகுது, எடுத்துட்டுப் போங்களேன்." மேலிருந்த புடவையில் மஞ்சள் கறை. அந்த வசந்தத்துத் தண்ணீரில் நனைந்தவை. வெள்ளத்தில் நனைந்ததை வெள்ளத்தில் நனைந்தவருக்கு அனுப்பலாம் என்று தோன்றுவதற்கு ஒருவருக்கு எவ்வளவு படிப்பு வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார். அனுப்புகிற கூலிக்கு அங்கே புதிதாகவே வாங்கிவிடலாம் என்று அவர் பணிவாகச் சொன்னார். டாக்டர் எட்டுப் பெட்டிக்கு ஐந்நூறாகத் தந்து மீதி வேண்டாம் என்றார். பைகள் அலுமாரிக்குள் திரும்பின.

இந்தத் துணிப் பேச்சில் பதினொன்று ஐந்து பஸ்ஸை விட்டோம். அடுத்தது பதினொன்று முப்பத்தைந்து. நிழற்குடை இல்லாத தரிப்பிடம், ஆற்றுக் காற்று. இலங்கையில் அப்போது இரவு பத்தை நெருங்கியிருக்கும். அக்காவின் தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது, அழுத குரல். முதலாளி பேசவேண்டுமாம், பக்கத்தில்தான் நிற்கிறாராம். அக்கா கையுறையைக் கழற்றி ஒலிபெருக்கியைப் போட்டார்.

முதலாளி மரியாதையாகத்தான் தொடங்கினார். காசு கனடாவிலிருந்து வருவது தனக்கு முன்பே தெரியாது என்றார். அப்படியானால் மூன்று மாதம் போதாது, ஆறு மாதம் முன்பணமாக வேண்டும். எட்டு லட்சம்.

எனக்கு அந்த ஆற்றுக்குள் போனை எறியவேண்டும்போல் இருந்தது. இரண்டு நாள், நூற்றுக்கணக்கான படிகள், கூரையா இல்லையா என்ற சாத்திரம், எல்லாம் சேர்ந்தும் பாதி. அக்கா கொஞ்சம் இருமினார்.

"முதலாளி, கனடாவுல நான் என்ன வேல செய்றேன்னு சொன்னாங்களா?"

"இல்லியே."

"கோழி வெட்டுறேன். இந்தக் காசு அதுவும் இல்ல, வீடு வீடா பலகாரம் வித்தது. ஆறு மாசத்துக்கு இல்ல. நான் இல்லைன்னும் சொல்லப்போறதில்ல. நாளைக்குக் காலயில பள்ளிக்கூடத்துலருந்து எறக்கிவுட்டதும் பன்னெண்டு குடும்பமும் உங்க கட வாசல்லதான் வந்து ஒக்காரும், எட்டு மணிக்கு வரச் சொன்னது நீங்கதான். அனுப்புறேன் அனுப்புறேன்னு நான் தெனமும் போன்ல சொல்லிக்கிட்டே இருப்பேன். புள்ளக்குட்டியோட அவங்களும் நீங்களும் பேசிக்குங்க."

பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து பொன்ஜூர் என்றார். அக்கா போனைப் பிடித்த கையாலேயே ஒரு விரலைக் காட்டி நிற்கச் சொன்னார். அவர் நின்றார். நான் வண்டில்களை ஏற்றுவதுபோல் ஏற்றி இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"சரி, மூணு மாசம்" என்றது போன். "கரண்டு தனி."

"கரண்டு தனி. தண்ணி?"

"தண்ணி வரும்."

"கக்கூஸ் பூட்டியிருக்குன்னாங்க."

"தொறந்து வுடுறேன்."

அக்கா நன்றி சொல்லி, தங்கையிடம் இரண்டு வார்த்தை பேசி, பஸ்ஸில் ஏறி அட்டையைத் தட்டினார். கை சிவந்து விரல் மடங்கவில்லை. கடைத்தொகுதியில் இரண்டு கோப்பி வாங்கினேன், ஐந்து டொலர் பத்து சதம். அங்கே இருந்தபடியே காசை அனுப்பினோம். நேரம் பன்னிரண்டு இருபது.

இதே மாதிரிப் பயணம் போக நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். ஓடர் எடுக்கும் நாளிலேயே காசை வாங்குங்கள், திட்டினாலும் பரவாயில்லை. எந்தக் கடவுளுக்கும் உங்களுக்கும் உறவில்லை என்றாலும் ஒரு கோயில் நாள்காட்டியைச் சுவரில் மாட்டுங்கள். வண்டிலின் சில்லு பெரிதாக இருக்கட்டும், சின்னச் சில்லு பனியில் உருளாது, உழும். குளிரில் போன் பாதி மின்னோடு செத்துவிடும், உள்சட்டைப் பையில் வையுங்கள். ஞாயிறுகளில் இல்-பிசாருக்குப் போய்வர ஐந்து மணிநேரம் ஒதுக்குங்கள். துணி தருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள், முடிந்தால் அக்காவைப் போல, முடியாவிட்டால் என்னைப் போல.

இதனால் ஏதாவது தீர்ந்ததா என்று கேட்பவர்களுக்கு: மார்ச் நடுப்பகுதி வரை பன்னிரண்டு குடும்பத்துக்குக் கூரை இருக்கிறது. லயம் இருந்த இடத்தில் திரும்பக் கட்டலாமா என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டியவர்கள் ரோல்ஸ் விற்கிற இரண்டு பெண்கள் அல்ல. அந்தத் தோட்டத்தின் தேயிலையில் காசு பார்க்கிற யாரோ இருக்கிறார்கள், அந்த மக்களின் வாக்கில் பதவிக்கு வந்த யாரோ இருக்கிறார்கள். அவர்களுடைய வேலையை நாம் பெட்டி பெட்டியாகச் செய்துகொண்டிருக்கிறோம், அதற்கும் யாப்புப் பார்க்கிறோம்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் படிக்கட்டில் அக்காவைக் கண்டேன். எட்டரைக்கு எல்லாரும் குடிபுகுந்துவிட்டார்களாம். ஒருவரிடம் பின்பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் என்கிற கையுழவு இயந்திரத்தை இரவல் வாங்கிச் சாமான் ஏற்றினார்களாம். பன்னிரண்டு குடும்பத்தின் சாமானையும் கொண்டுவர எத்தனை நடை போனது என்று கேட்டேன்.

"ஒரு நடதான் மது" என்றார். "பெட்டி நெறையல."